தொலைக்காட்சித் தொடரின் எழுத்தறை: கூட்டாக எழுதக் கற்றல்

தொலைக்காட்சித் தொடரைப் பலர் கூடி எழுதுவதற்கு முதற்காரணம் அதன் அளவு. அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒரு சீசனுக்கு 22 எபிசோடு என்பது நெடுங்கால வழக்கம். விளம்பரம் போக ஒவ்வொன்றும் சுமார் 42 நிமிடம் ஓடும். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட கதை. ஏறத்தாழ ஏழு திரைப்படங்களுக்கு ஆகும் எழுத்து. முதல் எபிசோடு வீடுகளுக்குப் போய்ச் சேரும் வேளையில் அடுத்த சில படத்தொகுப்பில் இருக்கும், ஒன்று படப்பிடிப்பில் இருக்கும், பின்னால் வரவேண்டியவற்றுக்குக் கதையே முடிவாகியிருக்காது. எழுத்து தாமதமானால் நடிகர்கள் முதல் தளம் அமைப்பவர்கள் வரை எல்லோருடைய வேலையும் நின்றுபோகும். இந்த வேகத்துக்கு ஒரு கை போதாது.

ஆனால் பல கைகளுக்கு வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. தமிழ் நெடுந்தொடர்களில் பங்கீடு தொழில்வாரியாக நடக்கிறது. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலில் தனித்தனிப் பெயர்கள் வரும். பிரிட்டனின் நீள்தொடர்களில் கதைப்போக்கைத் தொகுத்து எழுதித் தருவது ஒரு குழு. அதை எபிசோடாக எழுதுவது வேறு எழுத்தாளர்கள். 1960 டிசம்பர் 9-ஆம் தேதி தொடங்கி இன்றும் ஓடும் கொரோனேஷன் ஸ்ட்ரீட் அவ்வாறு வளர்ந்தது. அமெரிக்காவில் பங்கீடு எபிசோடுவாரியானது. ஒவ்வொரு எபிசோடின் கதையையும் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கட்டுவார்கள். கட்டிய கதையை ஒருவர் எடுத்துப்போய்த் தனியாக எழுதுவார். எழுதி வந்ததைத் தொடருக்குப் பொறுப்பான ஒருவர் திருத்தி முடிப்பார். அந்தப் பொறுப்பாளரை ஷோரன்னர் என்கிறார்கள். மேசை இருக்கும் இடம் ரைட்டர்ஸ் ரூம், அதாவது எழுத்தறை.

ஆகவே கூட்டாக எழுதுவது என்றால் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே வரியை எழுதுவது என்று பொருளாகாது. யோசிப்பது கூட்டம், எழுதுவது தனியாள், முடிவெடுப்பது இன்னொரு தனியாள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் வைத்துக்கொள்வதே இந்தத் தொழிலில் கற்கவேண்டிய முதல் பாடம். கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் இங்கேதான்.

எழுத்தறை நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பிறந்தது. என்.பி.சி. 1950 முதல் 1954 வரை ஒளிபரப்பிய யுவர் ஷோ ஆஃப் ஷோஸ் சனிக்கிழமைதோறும் 90 நிமிட நேரடி நிகழ்ச்சி. சிட் சீசர் என்ற நடிகருக்காக மெல் டோல்கின், லூசில் காலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன் முதலியோர் ஓர் அறையில் கூடி, ஒருவர் சொல்லும் வேடிக்கையை அடுத்தவர் மேலே எடுத்துச் சென்று எழுதினார்கள். நகைச்சுவைக்குக் கூட்டம் இயல்பாகவே பொருந்தியது. அறையில் இருப்பவர்கள் சிரித்தால் வேலை செய்கிறது, சிரிக்காவிட்டால் இல்லை. நாடகத் தொடர்களுக்கு நெடுநாள் இந்த முறை தேவைப்படவில்லை. வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு நோயாளி என்று கதை அந்தந்த எபிசோடிலேயே முடிந்ததால், வெளியில் இருக்கும் எழுத்தாளர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள முடிந்தது. 1981-இல் ஸ்டீவன் போச்கோவும் மைக்கேல் கொசோலும் உருவாக்கிய ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் அந்த ஏற்பாட்டை உடைத்தது. ஒரு காவல் நிலையம், பத்துப் பன்னிரண்டு முக்கியப் பாத்திரங்கள், ஒரே எபிசோடில் பல கதைகள், அவற்றில் சில வாரக்கணக்கில் நீளும். மூன்றாம் வாரத்தில் என்ன நடந்தது என்று தெரியாதவர் ஏழாம் வாரத்தை எழுத முடியாது. தொடர்ச்சி வந்ததும் எழுத்தாளர்கள் அறைக்குள் வந்தார்கள்.

இந்த முறையை வெளியாட்கள் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை டென்மார்க்கில் கிடைக்கிறது. சுமார் 55 லட்சம் மக்கள் பேசும் ஒரு மொழி. டி.ஆர். என்னும் பொது ஒளிபரப்பு நிறுவனம். அதன் நாடகங்கள் 1990-களின் தொடக்கத்தில் மந்தமானவை என்று பெயரெடுத்திருந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளைப் போல அங்கும் இயக்குநரே படைப்பாளி. எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். 1990-களின் நடுவில் டி.ஆர். ஆட்கள் அமெரிக்கா சென்று, என்.ஒய்.பி.டி. ப்ளூ போன்ற தொடர்கள் தயாராகும் இடத்திலேயே இருந்து பார்த்தார்கள். இயக்குநர்கள் எபிசோடுக்கு ஒருவராக வந்துபோவதையும், எழுத்தாளர் மட்டும் தொடக்கம் முதல் கடைசிவரை நிலைத்திருப்பதையும் கண்டார்கள். திரும்பி வந்து ஸ்டிக் தோர்ஸ்போவைத் தலைமை எழுத்தாளராக வைத்து, கோபன்ஹேகனின் ஒரு வாடகைக்கார் நிறுவனத்தைப் பற்றிய டாக்ஸா என்ற தொடரை 1997-இல் தொடங்கினார்கள். அதில் எழுதியவர்களும் இயக்கியவர்களும் அடுத்த பத்தாண்டுகளின் டேனிஷ் தொடர்களுக்கு அடித்தளமானார்கள்.

டி.ஆர். கற்றுக்கொண்டதை விதிகளாகவும் எழுதி வைத்தது. அவற்றில் முதன்மையானது ஒரே பார்வை என்ற கொள்கை. தொடர் யாருடையது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பார்வைக்குத் துணைநிற்பதே இயக்குநர், தயாரிப்பாளர், சக எழுத்தாளர் எல்லோருடைய வேலையும். தலைமை எழுத்தாளரைச் சர்வாதிகாரி ஆக்கும் விதியாக இது தோன்றலாம். நடைமுறையில் இது விவாதத்தைச் சுதந்திரமாக்குகிறது. கடைசியில் யார் தீர்மானிப்பார் என்பது தெளிவாக இருக்கும்போது மற்றவர்கள் அஞ்சாமல் எதிர்த்துப் பேசலாம். ஒவ்வொரு கருத்து வேறுபாடும் அதிகாரப் போட்டியாக மாறத் தேவையில்லை. இன்னொரு கொள்கை இரட்டைக் கதை. விறுவிறுப்பான மேல்கதைக்கு அடியில் சமூகத்தைப் பற்றிய ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் எழுத்தறைக்கு இட்ட கடமை அது. அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டவர்கள் அதில் சேர்த்த சொந்தச் சரக்கும் அதுதான்.

அதைவிடப் பெரிய முடிவு கல்வி பற்றியது. 1966-இல் நிறுவப்பட்ட டேனிஷ் தேசியத் திரைப்படக் கல்லூரியில் திரைக்கதைத் துறை இருந்தது. ஃபெஸ்டன் படத்தைத் தாமஸ் விண்டர்பெர்குடன் சேர்ந்து எழுதிய மோகன்ஸ் ரூகோவ் அங்கே பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். அங்கே திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு பயிலும் மாணவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக வேலை செய்வார்கள். 2000-களில் டி.ஆர். உடன் சேர்ந்து தொலைக்காட்சித் தொடருக்கெனத் தனிப் பயிற்சியும் வந்தது. மாணவர்கள் குழுவாக ஒரு தொடரைக் கருத்திலிருந்து வளர்த்து, முதல் எபிசோடுவரை கொண்டுபோக வேண்டும். கல்லூரியில் திரைப்படமே கலை, தொலைக்காட்சி வயிற்றுப்பாடு என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது. கல்லூரியும் ஒளிபரப்பு நிறுவனமும் ஒரே சொற்களைப் பேசத் தொடங்கின. பட்டம் பெற்று எழுத்தறைக்குள் நுழைந்தவருக்கு அங்கே நடப்பது புதிதாக இருக்கவில்லை.

இதன் விளைவை போர்கன் தொடரில் காணலாம். 2010 செப்டம்பர் 26-இல் தொடங்கிய அந்தத் தொடர், எதிர்பாராமல் டென்மார்க்கின் பிரதமராகும் பிர்கிட்டே நியூபோர் என்ற பெண்ணின் கதை. தலைமை எழுத்தாளர் ஆடம் பிரைஸ். அவருடன் இருந்த எபிசோடு எழுத்தாளர்கள் யெப்பே யெர்விக் கிராம், தோபியாஸ் லிண்ட்ஹோல்ம். இருவரும் திரைப்படக் கல்லூரியில் 2007-இல் பட்டம் பெற்றவர்கள். முதல் மூன்று சீசன்களுக்கும் தலா பத்து எபிசோடு, எபிசோடுக்கு ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க அறையில் பத்துப் பேர் செய்யும் வேலையை மூவர் செய்தார்கள். நாட்டின் அளவுக்கும் பணத்துக்கும் தக்கபடி அறையைச் சுருக்கிக்கொண்டார்களே தவிர, அதன் ஒழுங்கை விட்டுவிடவில்லை.

போர்கனின் ஒவ்வொரு எபிசோடும் மூன்று களங்களில் நகர்கிறது: அரசியல், ஊடகம், வீடு. பிரதமரின் அலுவலகத்தில் ஒரு நெருக்கடி. அதைத் துரத்தும் காத்ரினே என்ற செய்தியாளர். அதே வாரம் கணவனிடமும் குழந்தைகளிடமும் பிரதமர் இழப்பது. முதல் சீசனின் நான்காம் எபிசோடில் கிரீன்லாந்தின் தூலே தளத்தில் சி.ஐ.ஏ. கைதிகளை ஏற்றிய விமானம் இறங்கியது வெளியே வருகிறது. மேல்கதை ஓர் அரசியல் ஊழல். அதன் அடியில் இருப்பது டென்மார்க் தன் பழைய குடியேற்ற நாட்டை எப்படி நடத்துகிறது என்ற கேள்வி. இரட்டைக் கதை என்ற விதி தாளில் படிக்கும்போது உபதேசமாகத் தெரியும். இந்த எபிசோடில் அது கதையின் எலும்பாகவே ஆகியிருக்கிறது. மூவர் மேசையில் உட்கார்ந்து, பிரதமருக்கு இந்த வாரம் எது வலிக்கும் என்பதையும், நாட்டுக்கு எது வலிக்கும் என்பதையும் ஒரே நிகழ்ச்சியில் முடிச்சுப்போடுவதுதான் கூட்டு எழுத்தின் உச்சம்.

அதே நிறுவனத்தில் அதே கொள்கை வேறு உருவமும் எடுத்தது. 2007-இல் வந்த ஃபோர்பிரிதல்சன் தொடரின் முதல் சீசன் 20 எபிசோடு. ஒவ்வோர் எபிசோடும் ஒரு கொலை விசாரணையின் ஒரு நாள். சோரன் ஸ்வைஸ்ட்ரப் துணை எழுத்தாளர்களை வைத்துக்கொண்டாலும் எழுத்தின் பெரும் பாரத்தைத் தானே சுமந்தார். படப்பிடிப்பு நடக்கும்போதே எழுதினார். கொலைகாரன் யார் என்று நடிகர்களுக்கும் சொல்லவில்லை. பிரைஸின் அறையும் ஸ்வைஸ்ட்ரப்பின் அறையும் ஒன்றுபோல இல்லை. தொடரின் இயல்பும் தலைமை எழுத்தாளரின் இயல்பும்தான் அறையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஃபோர்பிரிதல்சன் 2011-இலும் போர்கன் 2012-இலும் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றன. சப்டைட்டிலோடு மட்டுமே பார்க்க முடிந்த டேனிஷ் தொடர்கள் உலகம் முழுவதும் பார்க்கப்பட்டன.

இனி, அறைக்குள் வேலை நடக்கும் வரிசை. முதலில் சீசன் முழுவதற்குமான பேச்சு. இதில் எபிசோடுகளைப் பற்றிப் பேச்சே வராது. முக்கியப் பாத்திரம் எங்கே தொடங்கி எங்கே முடியும், நடுவில் எது திரும்ப முடியாத இடம் என்று சில வாரங்கள் பேசுவார்கள். இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்த அறைகள் ஆறாம் எபிசோடுக்குப் பிறகு திணறும். பின்பு ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் ஒன்லைன். அதன்பின் அந்த எபிசோடை உடைக்கும் வேலை. தமிழ்த் திரையுலகம் சீன் ஆர்டர் என்று சொல்லுவதற்கு இது நெருக்கமானது, ஆனால் இன்னும் நுணுக்கமானது. எபிசோடின் தலைமைக் கதை, துணைக் கதை, சிறுகதை என்று இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சீன், எந்தச் சீனில் எது மாறுகிறது என்று அட்டைகளில் எழுதிக் கார்க் பலகையில் குத்துவார்கள். ஒரு சீனுக்கு ஓர் அட்டை. அந்தச் சீன் முடியும்போது எதுவும் மாறவில்லை என்றால் அட்டை பலகையிலிருந்து இறங்கும்.

வின்ஸ் கில்லிகனின் பிரேக்கிங் பேட் (2008–2013) எழுதப்பட்ட அறை இந்தப் பலகை வேலைக்குப் பேர்போனது. ஓர் எபிசோடை உடைக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி, இந்தக் கணத்தில் இந்தப் பாத்திரத்தின் மனம் எங்கே இருக்கிறது என்பது. அடுத்து என்ன நடந்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்ற கேள்விக்கு அது எப்போதும் முன்னால் வந்தது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைமருந்து தயாரிப்பாளராக மாறும் 62 எபிசோடுகளில் அந்த மாற்றம் ஓரிடத்திலும் தாவவில்லை என்றால், காரணம் அந்தக் கேள்விதான். அந்த அறை எப்போதும் முன்கூட்டியே திட்டமிட்டது என்றும் கொள்ள வேண்டாம். ஐந்தாம் சீசனின் தொடக்கக் காட்சியில் நாயகன் ஒரு காரின் பின்பெட்டியில் பெரிய இயந்திரத் துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறான். அது எதற்கு, யாரைச் சுட என்று எழுதியபோது எழுத்தாளர்களுக்கே தெரியாது. கடைசி எபிசோடுவரை அந்தக் கடனை அடைக்கும் வழியைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். பலர் கூடி யோசிக்கும்போது எடுக்கத் துணியும் கடன் அது. தனியாக எழுதுபவர் அத்தகைய பொறியில் காலை வைக்கத் தயங்குவார்.

உடைத்து முடித்ததும் அந்த எபிசோடு ஓர் எழுத்தாளரிடம் ஒப்படைக்கப்படும். அவர் முதலில் சீன் வாரியான சுருக்கம் எழுதுவார். அதற்குக் குறிப்புகள் வரும். அறையிலிருந்து, தயாரிப்பு நிறுவனத்திலிருந்து, ஒளிபரப்பு நிறுவனத்திலிருந்து. பிறகு ஒன்றிரண்டு வாரங்களில் முதல் டிராஃப்ட். அதற்கும் குறிப்புகள். இரண்டாம் டிராஃப்டுக்குப் பிறகு ஷோரன்னர் கையில் எடுத்துத் தொடரின் குரலுக்கு ஏற்பத் திருத்துவார். சில தொடர்களில் நாலில் மூன்று பங்கு மாறிவிடும், சிலவற்றில் வசனங்கள் சில மட்டும். நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து சத்தமாக வாசிக்கும் ஒத்திகைக்குப் பின் மேலும் திருத்தம். படப்பிடிப்பில் மழை பெய்தால், ஓர் இடத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால், இன்னும் ஒரு திருத்தம். படத்தொகுப்பு மேசையில் ஒரு சீனையே எடுத்துவிட்டால், அந்தச் சீன் சொல்லவேண்டிய செய்தியை வேறெங்காவது ஒரு வரியில் ஒட்டவேண்டும், அதுவும் எழுத்துவேலைதான்.

புதியவர் இந்த வரிசைக்குள் எங்கே நுழைகிறார்? பெரும்பாலும் குறிப்பெடுப்பவராக. எழுத்தறை உதவியாளர் நாள் முழுவதும் பேசப்படுவதைப் பதிவு செய்து, மாலையில் ஒழுங்குபடுத்தி எல்லோருக்கும் அனுப்புவார். பார்வைக்குச் சிறிய வேலை. ஆனால் கூட்டு எழுத்தின் முழுக் கல்வியும் அதில் அடங்கியிருக்கிறது. மூன்று மணிநேரப் பேச்சிலிருந்து கதைக்கு உதவும் ஐந்து வரியைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்குத் திரைக்கதையின் கட்டுமானம் பிடிபட்டுவிட்டது. தள்ளப்பட்ட யோசனைகளையும் அவர் எழுதி வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாமென்று விட்டது வெள்ளிக்கிழமை தேவைப்படும். கார்டன் ஸ்மித் பிரேக்கிங் பேட் தயாரிப்பில் உதவியாளராக இருந்து, பின் எழுத்தறை உதவியாளராகி, அடுத்து வந்த பெட்டர் கால் சால் தொடரில் எழுத்தாளரானார். அதன் முதல் சீசனில் அவர் எழுதிய ஃபைவ்-ஓ எபிசோடு 2015-இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கில்லிகனும் தன் தொழிலை இன்னொருவர் தொடரிலேயே கற்றார்; 1990-களில் தி எக்ஸ்-ஃபைல்ஸ் தொடரில் பல ஆண்டுகள் பிறருடைய உலகத்துக்காக எழுதியவர் அவர்.

பிறருடைய உலகத்துக்காக எழுதுவது தனித் திறமை. நாவலாசிரியருக்குச் சொந்தக் குரல் இருக்க வேண்டும் என்பார்கள். தொடர் எழுத்தாளருக்கு இரண்டு காதுகள் இருக்க வேண்டும்: தொடரின் பாத்திரங்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்க ஒன்று, மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்லவருகிறார் என்று கேட்க ஒன்று. முதல் காதுக்கு நல்ல பயிற்சி, ஏற்கெனவே ஒளிபரப்பான ஓர் எபிசோடைப் பார்த்து அதைப் பின்னோக்கி உடைப்பது. ஒவ்வொரு சீனுக்கும் ஓர் அட்டை எழுதி, எந்த இழை எத்தனை சீன் எடுத்துக்கொள்கிறது, எந்தச் சீனில் பாத்திரத்தின் நிலை திரும்புகிறது என்று குறிக்க வேண்டும். பத்து எபிசோடுகளை இப்படி உடைத்தவருக்கு அந்தத் தொடரின் நடை கைக்கு வந்துவிடும். அடுத்து அதே தொடருக்கு, யாரும் கேட்காமலே, புதிய எபிசோடு ஒன்று எழுதிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்பெக் ஸ்கிரிப்ட் எனப்படும் இது நெடுங்காலம் வேலைக்கான நுழைவுச்சீட்டாகவே இருந்தது. இப்போது சொந்தத் தொடரின் முதல் எபிசோடையும் கேட்கிறார்கள். என்றாலும் பயிற்சி என்ற வகையில் முன்னதற்கு ஈடில்லை.

இரண்டாவது காதைப் பழக்குவது கடினம். அறையில் பேசுவதற்குச் சில நெறிகள் இருக்கின்றன. எங்கும் எழுதப்படாவிட்டாலும் எல்லா நல்ல அறைகளிலும் கடைப்பிடிக்கப்படுகின்றன. சொல்வதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். குறை கண்டால் கூடவே ஒரு மாற்றும் சொல்ல வேண்டும். மாற்று இல்லாத மறுப்பு அறையின் நேரத்தை மட்டுமே தின்னும். ஷோரன்னர் வேண்டாமென்று விட்ட யோசனையை மறுபடி மறுபடி கொண்டுவரக் கூடாது. அடுத்தவர் யோசனையில் பாதி நன்றாக இருந்தால் அந்தப் பாதியைப் பிடித்து மேலே கட்ட வேண்டும். மிகச் சிறந்த வரி யார் வாயிலிருந்து வந்தது என்று மாலைக்குள் மறந்துபோகும் அறையே ஆரோக்கியமான அறை. அதற்காக வாய்திறக்காமல் இருப்பதும் சரியாகாது. புதியவர் அடக்கம் என்று நினைத்து வாரக்கணக்கில் மௌனமாக இருந்தால், அவர் எதற்கு இருக்கிறார் என்ற கேள்வி எழும்.

வகுப்பறையில் இதைப் பயிற்றுவிக்கும்போது ஆறேழு மாணவர்களை ஓர் அறையாக அமைத்து, ஒருவருடைய தொடரை எல்லோரும் சேர்ந்து உடைக்கச் சொல்கிறார்கள். பிறகு தலைமை மாறும். அடுத்தவருடைய தொடர் மேசைக்கு வரும். இங்கே ஆசிரியர் மிகவும் கவனிக்கவேண்டியது, கைதூக்கி வாக்கெடுக்கும் பழக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. மாணவர்கள் நியாயமானவர்கள், எல்லோர் யோசனைக்கும் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுவார்கள். விளைவு, யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் விரும்பாத ஓர் எபிசோடு. டேனிஷ்காரர்கள் ஒரே பார்வை என்று விதி எழுதியதற்கு இதுவே காரணம். பிரிட்டனில் 2005-இல் ஜான் யார்க் தொடங்கிய பிபிசி எழுத்தாளர் அகாடமி வேறு வகையில் பயிற்றுவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கதைக் கட்டுமானம் கற்பித்து, டாக்டர்ஸ், கேஷுவால்டி, ஈஸ்ட்எண்டர்ஸ் போன்ற, அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்களுக்கே எழுத வைத்தது. எழுதியது ஒளிபரப்பாகும் என்று தெரிந்து எழுதும்போது கற்பது வேகமாகிறது.

அறையின் சுதந்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதையும் பேசலாம் என்ற இடத்தில் யார் காயப்படுகிறார் என்பதை யார் பார்ப்பது? ஃப்ரெண்ட்ஸ் தொடரின் எழுத்தறையில் உதவியாளராக இருந்த ஒரு பெண், அங்கே நடந்த ஆபாசப் பேச்சு பாலியல் துன்புறுத்தலாகும் என்று வழக்குத் தொடுத்தார். 2006-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சு அவரை நோக்கியதாக இல்லை, தொடரை உருவாக்கும் வேலையின் பகுதியாக நடந்தது என்று கண்டது. சட்டத்தின் எல்லை அதோடு நின்றாலும் பிரச்சினை நிற்கவில்லை. நாள்முழுவதும் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டியவர் எழுந்து போகவும் முடியாதவர், எதிர்க்கவும் முடியாதவர். கதைக்குத் தேவையான அந்தரங்கத்தையும் தேவையற்ற இழிவையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு ஷோரன்னருடையது. நல்ல பயிற்சித் திட்டம் இதையும் பாடமாக வைக்க வேண்டும்.

கூட்டாக எழுதியதில் பெயர் யாருக்கு? அறை முழுவதும் சேர்ந்து உடைத்த கதையானாலும், டைட்டிலில் பெரும்பாலும் முதல் டிராஃப்ட் எழுதியவரின் பெயரே வரும். அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்ட் இதற்கென விதிகளும் நடுவர் முறையும் வைத்திருக்கிறது. சங்கத்தின் வழக்கப்படி, இரு பெயர்களுக்கு இடையே '&' என்ற சுருக்கக்குறி இருந்தால் அவர்கள் ஜோடியாகச் சேர்ந்து எழுதியவர்கள். 'and' என்று முழுச்சொல்லாக இருந்தால் ஒருவருக்குப் பின் ஒருவராகத் தனித்தனியே எழுதியவர்கள். மறு ஒளிபரப்புக்குக் கிடைக்கும் பங்குத்தொகை இந்தப் பெயர்களைப் பொறுத்தது என்பதால் ஒரு குறி கூடப் பணமாகிறது. அறையில் இருப்பவர்களுக்குப் பதவி ஏணியும் உண்டு. ஸ்டாஃப் ரைட்டர் கீழ்ப்படி. அடுத்து ஸ்டோரி எடிட்டர். பிறகு தயாரிப்பாளர் என்ற சொல் சேர்ந்த பல படிகள். உச்சியில் எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர். மேற்படிகளில் தயாரிப்பாளர் என்ற பட்டம் வருவதற்குப் பொருள் இருக்கிறது: எழுத்தாளர் மேலே போகப்போக நடிகர் தேர்வு, படப்பிடிப்பு, படத்தொகுப்பு எல்லாவற்றிலும் பங்கெடுக்கிறார்.

இந்த ஏணியை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அசைத்தன. எபிசோடுகள் 22-இலிருந்து 8-ஆகவும் 10-ஆகவும் குறைந்தன. மினி ரூம் என்ற பழக்கம் வந்தது. தொடருக்கு அனுமதி கிடைக்கும் முன்பே நாலைந்து பேரைச் சில வாரங்களுக்கு மட்டும் வைத்து எல்லா எபிசோடுகளையும் எழுதி வாங்கிவிட்டு, படப்பிடிப்பு தொடங்கும்போது அவர்களை அனுப்பிவிடுவார்கள். இதில் இழப்பு சம்பளத்தோடு நிற்கவில்லை. தான் எழுதிய சீன் தளத்தில் எப்படி நடிக்கப்படுகிறது, எந்த வசனம் நடிகரின் வாயில் நிற்கவில்லை என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வளர்ந்தார்கள். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. அதன் முடிவில் வந்த ஒப்பந்தம் எழுத்தறைக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை வகுத்தது: அனுமதி பெற்ற தொடரில் 6 எபிசோடு வரை மூவர், 7 முதல் 12 வரை ஐவர், 13 அல்லது மேல் என்றால் அறுவர். படப்பிடிப்புக் காலத்திலும் எழுத்தாளர்கள் தொடர வழி செய்யப்பட்டது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் உரையை எழுத்தாளரின் படைப்பாகக் கொள்ளக்கூடாது என்ற விதியும் சேர்ந்தது. ஊதிய விகிதங்களைவிட இந்த ஆள் எண்ணிக்கை விதி நீண்டகாலம் பயன்தரும். தொழில் கைமாறிப் போவதற்கு அறையில் ஆட்கள் இருக்க வேண்டும்.

ஒரே எழுத்தாளர் எல்லாவற்றையும் எழுதும் தொடர்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது என்று ஒப்பந்தமே விலக்கு அளிக்கிறது. அறை இல்லாமல் தனியாகவோ இருவராகவோ எழுதியவர்களும் இருக்கிறார்கள். தி வைட் லோட்டஸ் தொடரை மைக் வைட் தானே எழுதி இயக்கினார். பிரிட்டனில் ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதிய ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 எபிசோடுதான். ஓர் ஆளின் மனநிலையும் மொழியும் தொடரின் முழுச்சுவையாக இருக்கும் இடத்தில் தனி எழுத்து வெல்லும். எபிசோடு எண்ணிக்கை குறைவாக இருப்பதும் அங்கே உதவுகிறது. பல பாத்திரங்கள், பல களங்கள், பல ஆண்டுகள் என்று விரியும் கதைக்குக் கூட்டமே பொருத்தம்.

ஏணியின் உச்சிப் படியில் கற்கவேண்டியது எழுத்தைத் தாண்டியது. நன்றாக எழுதுவதனால் ஒருவர் ஷோரன்னராக உயர்கிறார். உயர்ந்த மறுநாளே பட்ஜெட், ஆள் தேர்வு, நடிகர்களின் மனத்தாங்கல், ஒளிபரப்பு நிறுவனத்தின் குறிப்புகள், படத்தொகுப்பு எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. இதற்குப் பள்ளி ஏதும் இல்லாததால் ரைட்டர்ஸ் கில்ட் மேற்குப் பிரிவு 2005-இல் ஷோரன்னர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அனுபவமுள்ள ஷோரன்னர்கள் வந்து நேரத்தைப் பங்கிடுவது, எழுத்தாளரைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பு கொடுப்பது, தானே எல்லாவற்றையும் திருத்தி எழுதும் ஆசையைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைக் கற்பிக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது பலருக்கும் மிகக் கடினமானது. இளைய எழுத்தாளரின் டிராஃப்டில் எது தவறு என்று விளக்கித் திருப்பித் தர அரைநாள் ஆகும். தானே எழுதிவிட்டால் இரண்டு மணிநேரத்தில் முடியும். இரண்டாவதையே எப்போதும் தேர்ந்தெடுக்கும் ஷோரன்னரின் அறையில் சீசன் முடியும்போது எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே இருப்பார். அரைநாள் செலவிட்ட ஷோரன்னருக்கு இரண்டாம் சீசனில் தன் எபிசோடுகளில் பாதியை நம்பி ஒப்படைக்க ஆட்கள் கிடைப்பார்கள்.